இருப்பது எத்தனை, எது யாருடையது?
மேகக் கணினிகளைத் தானாகக் கண்டறியும் முயற்சிகள்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டிய செம்மண் மேட்டில் இருக்கிறது இடையஞ்சாவடி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். இந்த ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் ஒரு சர்வர். அதற்குள் ஏழெட்டு மெய்நிகர் கணினிகள். மும்பையில் உள்ள அமேசானின் ஏடபிள்யூஎஸ் மையத்தில் இருபது, முப்பது. ஒரு வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் சென்னையில் உள்ள மைக்ரோசாஃப்ட் அஸூர் மையத்தில் இன்னும் சில. மாதம் பிறந்ததும் பில் வருகிறது. அப்போது எழும் கேள்வி இதுதான்: இவையெல்லாம் நம்முடையவைதானா? எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது, எதை நிறுத்தினால் யாருக்குப் பாதிப்பு?

இதே கேள்வியை வங்கிகளும் அரசுத் துறைகளும் லட்சக்கணக்கான கணினிகளை வைத்துக்கொண்டு கேட்கின்றன. கணினி என்பது லாரியில் வந்து இறங்கும் பொருளாக இருந்தவரை பதில் ஓரளவு எளிது. கொள்முதல் ஆணை இருக்கும், விலைப்பட்டியல் இருக்கும், வாசலில் பதிவு இருக்கும். 2001இல் விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ் வந்த பிறகு ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கணினிகள் பிறந்தன. 2006 ஆகஸ்டில் அமேசான், இணையம் வழியே கணினிகளை வாடகைக்குத் தரும் தன் ஈசி2 மேகச் சேவையைச் சோதனைக்குத் திறந்தபோது அந்தப் பெட்டியும் கண்ணிலிருந்து மறைந்தது. ஒரு கட்டளையில் கணினி பிறக்கிறது; இன்னொரு கட்டளையில் மறைகிறது. வாசல் என்ற ஒன்றே இல்லாத இடத்தில் வரவு செலவு எழுதுவது எப்படி என்பதற்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் வெவ்வேறு தரப்பினர் வெவ்வேறு விடைகள் தந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றும் முழு விடை அல்ல. ஒன்றும் வீண் அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது.

பட்டாவும் அடங்கலும்

முதல் விடை பதிவேடு. 1980களின் பிற்பகுதியில் பிரிட்டன் அரசின் கணினி முகமையொன்று, தகவல் தொழில்நுட்பத் துறைகளை நடத்தும் நடைமுறைகளைத் தொகுக்கத் தொடங்கியது. ஐடிஐஎல் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. கையில் உள்ள ஒவ்வொரு கருவியையும், அதற்கும் பிறவற்றுக்கும் உள்ள தொடர்பையும் ஒரே தரவுத்தளத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. சிஎம்டிபி என்று துறையில் சொல்வது இதைத்தான். சிறு நிறுவனங்களில் இதன் வடிவம் ஓர் எக்செல் தாள்.

இந்த வழியின் பலமும் பலவீனமும் தமிழ்நாட்டு வாசகருக்குப் புதியவை அல்ல. நிலத்துக்குப் பட்டா உண்டு, சிட்டா உண்டு, 'அ' பதிவேடு உண்டு. இவை யாருடைய நிலம், எவ்வளவு, எந்த வகை என்று சொல்லும். ஆனால் இந்தப் பருவத்தில் அந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பதை இவை சொல்வதில்லை. அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வயலுக்குப் போய்ப் பார்த்து அடங்கலில் எழுத வேண்டும். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்குகள் ஒத்துப் பார்க்கப்படுகின்றன. உரிமையைச் சொல்லும் ஏடும் நடப்பைச் சொல்லும் ஏடும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற தெளிவு நம் வருவாய்க் கணக்கில் வெகுகாலமாக இருந்திருக்கிறது. சிஎம்டிபியை உருவாக்கியவர்கள் இரண்டையும் ஒரே ஏட்டில் வைக்க முயன்றார்கள். அந்த முயற்சி பல இடங்களில் சோர்ந்துபோனதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

பதிவேட்டில் இன்னொரு சிக்கல், பிழை படியெடுக்கப்படுவது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புகுந்த பெயர்ப் பிழையும் பரப்புப் பிழையும் இன்றுவரை 'யூடிஆர் பிழை' என்ற பெயரில் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒருமுறை பெரிதாகக் கணக்கெடுத்துவிட்டு அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டால் நேரும் விளைவு இது. கணினிப் பதிவேட்டுக்கும் இதே கதிதான். நிலமாவது அதே இடத்தில் கிடக்கிறது. மெய்நிகர் கணினி காலையில் பிறந்து மாலையில் போய்விடும்.

ஆனாலும் பதிவேட்டுக்கு மட்டுமே உரிய ஒன்று உண்டு. இந்தக் கணினி எதற்காக வாங்கப்பட்டது, யார் பொறுப்பு, எப்போது வரை தேவை என்ற நோக்கம் அங்கேதான் எழுதப்படுகிறது. பின்னால் வரும் எந்தத் தானியங்கி முறையாலும் அதைத் தானாகக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

தட்டிப் பார்த்தல்

இரண்டாவது தரப்பு பதிவேட்டை நம்பவில்லை. வலையமைப்பில் இருக்கும் ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார். பதில் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்ற சிறு நிரல் இதற்கு வித்து. 1988இல் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வெளியானது. அதன் பிறகு, ஆள் இருக்கிறாரா என்று கேட்பதோடு நில்லாமல் உன் பெயர் என்ன, என்ன வகைக் கருவி, உன்னோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்றும் கேட்க முடிந்தது. 1997இல் கார்டன் லயன் வெளியிட்ட என்மேப், எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்பதையும் உள்ளே எந்த இயங்குதளம் ஓடுகிறது என்ற ஊகத்தையும் சேர்த்துத் தந்தது.

இந்தத் தரப்போடு தமிழ்நாட்டுக்கு நேரடி உறவு உண்டு. இன்று ஸோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் தொழிலே எஸ்என்எம்பி அடிப்படையிலான வலை மேலாண்மை மென்பொருள்தான். 2002இல் வந்த அதன் மேனேஜ்இஞ்சின் பிரிவு, நிறுவனங்கள் தம் வலையைத் தாமே கண்டறிந்து கண்காணிக்கும் கருவிகளை விற்றது. அலுவலக மென்பொருள்களால் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் வேர், 'உன்னிடம் என்ன இருக்கிறது' என்ற கேள்வியில் இருப்பதை இங்கே அதிகம் பேர் பேசுவதில்லை. பேசப்பட வேண்டிய வரலாறு அது.

ஓர் அலுவலக வலைக்குள் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. இடையஞ்சாவடி அலுவலகத்தில் 254 முகவரிகள் கொண்ட ஒரு சிறு வலை இருந்தால் அதை ஒரு நிமிடத்துக்குள் தட்டி முடித்துவிடலாம். மேசைக்கடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சிறு கணினி, காலாவதியான பிரின்டர், எந்தத் தாளிலும் எழுதப்படாத சோதனைச் சர்வர் எல்லாம் வெளியே வரும். ஏட்டில் இல்லாததைக் கண்டுபிடிப்பது இதன் தனிச் சிறப்பு.

மேகத்துக்குள் நுழைந்ததும் இது தடுமாறுகிறது. மெய்நிகர் கணினிகள் தனியார் முகவரிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒரே 10.0.0.5 என்ற முகவரி மூன்று வெவ்வேறு மேக வலைகளில் மூன்று வெவ்வேறு கணினிகளுக்கு இருக்கலாம். எனவே முகவரி அடையாளம் ஆவதில்லை. தீச்சுவர்கள் தட்டலுக்குப் பதில் சொல்லாமல் விழுங்கிவிடுகின்றன. நிறுத்திவைக்கப்பட்ட கணினி பேசாது. தனியே கிடக்கும் வட்டு, ஸ்னாப்ஷாட், கோப்புக் கிடங்கு ஆகியவற்றுக்குத் தட்டுவதற்கு முகவரியே கிடையாது. ஆனால் பில்லில் அவை இருக்கும்.

ஐபிவி6 இந்த வழியை ஏறத்தாழ அடைத்துவிட்டது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய ஸீமேப் என்ற நிரல், பழைய ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் தட்டிவிட முடியும் என்று காட்டியது. ஐபிவி6இல் ஓர் அலுவலகத்துக்குக் கிடைக்கும் ஒரேயொரு உள்வலையில் மட்டும் இரண்டின் 64ஆம் அடுக்கு முகவரிகள். நொடிக்குப் பத்து லட்சம் வீதம் தட்டினாலும் முடிக்க ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இருந்தும் இதை யாரும் கைவிடவில்லை. அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமை 2022 அக்டோபரில் தன் கூட்டாட்சித் துறைகளுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை தானியங்கி முறையில் சொத்துகளைக் கண்டறிய வேண்டும், 2023 ஏப்ரல் 3க்குள் இதைச் செயல்படுத்த வேண்டும் என்றது அது. ஏழு நாள் என்பது போதுமா என்ற விவாதம் தனி. ஒரு வாரத்துக்கு மேல் பழைய பட்டியலை நம்ப முடியாது என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டது இங்கே முக்கியம்.

உள்ளே ஓர் ஆளை வைத்தல்

மூன்றாவது வழி, ஒவ்வொரு கணினிக்குள்ளும் 'ஏஜென்ட்' என்ற சிறு நிரலை நிறுவி, அது தன்னைப் பற்றித் தானே அறிக்கை அனுப்பச் செய்வது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது இதன் அருமை தெரிந்தது. எத்தனை சர்வர் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள்கூட, எந்தச் சர்வருக்குள் குறையுள்ள ஜாவா நிரல்தொகுப்பு ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் இரவு பகலாகத் தேடினார்கள். உள்ளே ஆள் இருந்தவர்களுக்குத் தேடல் சுருங்கியது. ஆனால் ஏஜென்ட் நிறுவப்பட்ட கணினிதான் பேசும். நாம் அறியாத கணினியில் அதை யார் நிறுவியிருப்பார்கள்? தெரிந்ததைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள உதவுகிறது, தெரியாததைக் காட்டுவதில்லை. மெய்நிகர் கணினியை நகலெடுக்கும்போது ஏஜென்டின் அடையாள எண்ணும் சேர்ந்து நகலாகி, இரண்டு கணினிகள் பட்டியலில் ஒன்றாகத் தெரியும் தொல்லையும் உண்டு.

மேகத்திடமே கேட்பது

இன்று பெரும்பாலானோர் நம்பும் வழி நான்காவது. கணினிகளைத் தேடி அலைய வேண்டாம். அவற்றைப் பிறப்பித்தவரிடம் கேட்டால் போதும். விஎம்வேர் உலகில் அது விசென்டர். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மேகங்களில் அது, நிரல்கள் கேள்வி கேட்பதற்கென்று அவர்கள் திறந்துவைத்திருக்கும் ஏபிஐ. பிறப்பு இறப்புப் பதிவாளர் போன்ற இடம் அது. அங்கே பதிவாகாமல் எந்தக் கணினியும் அந்த மேகத்தில் பிறக்க முடியாது. பதிவே பிறப்பாக இருப்பதால், ஏட்டுக்கும் வயலுக்கும் இடையிலான பழைய இடைவெளி இங்கே பெரிதும் மறைந்துவிடுகிறது. இந்த வழியின் உண்மையான பலம் இதுவே.

ஏடபிள்யூஎஸ்ஸிடம் 'டிஸ்கிரைப் இன்ஸ்டன்சஸ்' என்று கேட்டால் வரும் பதிலைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு கணினிக்கும் 'ஐ' எழுத்தும் ஒரு சிறு கோடும் 17 குறிகளும் கொண்ட அடையாள எண். அதன் அளவு, தொடங்கிய நாள் நேரம், உள்முகவரி, வெளிமுகவரி, ஓடுகிறதா நிற்கிறதா என்ற நிலை, பிறகு டேக் எனப்படும் ஒட்டுச்சீட்டுகள். தட்டிப் பார்ப்பதில் ஊகமாக இருந்தவை இங்கே தெளிவாக எழுதிக் கிடைக்கின்றன. நிறுத்தப்பட்ட கணினியும் பட்டியலில் வருகிறது. அது ஓடாததால் கணினிக்குக் கட்டணம் இல்லை. அதோடு ஒட்டியிருக்கும் வட்டுக்குக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது ஏடபிள்யூஎஸ். முப்பது நாளுக்கு 3.60 டாலர். பத்து முகவரி மறந்துகிடந்தால் மாதம் 36 டாலர். ஒரு சிறு நிறுவனத்தின் மாத இணையக் கட்டணத்தைவிட இது அதிகமாக இருக்கக்கூடும்.

இனி இதன் ஓட்டைகள். முதலாவது, கேள்வி கேட்ட இடத்துக்கு மட்டுமே பதில் வரும். ஏடபிள்யூஎஸ்ஸில் ரீஜியன் எனப்படும் ஒவ்வொரு வட்டார மையத்தையும் தனித்தனியே கேட்க வேண்டும். மும்பை மையம் 2016இல் வந்தது, ஐதராபாத் 2022இல். மும்பையை மட்டும் கேட்கும்படி எழுதிய நிரல், யாரோ சோதனைக்காகச் சிங்கப்பூரில் தொடங்கிய கணினியைப் பார்க்கவே பார்க்காது. இரண்டாவது, பதில் பக்கம் பக்கமாக வருகிறது. 'அடுத்த பக்கம் உண்டு' என்ற குறியை வாசிக்காத நிரல் முதல் பக்கத்தோடு நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. பட்டியல் சுத்தமாக, சிறியதாக, தவறாக இருக்கும். தானியங்கிக் கண்டறிதலை அமைப்போர் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது என்பேன். தெரிந்தே ஒரு கணினியை மூலையில் உள்ள ஒரு ரீஜியனில் தொடங்கிவிட்டு, கருவி அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. பலர் செய்வதில்லை.

மூன்றாவது ஓட்டை, கால இடைவெளி. மணிக்கு ஒருமுறை கேட்டால், இருபது நிமிடம் ஓடி முடிந்த கணினி தப்பிவிட வாய்ப்புண்டு. நிறுத்தி அழிக்கப்பட்ட கணினி ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டுமே பட்டியலில் தென்படும். இதனால்தான் கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, மாற்றம் நேரும்போதெல்லாம் சேதி அனுப்பச் சொல்வது மேல் என்ற உள்தரப்பு கிளம்பியது. யார், எப்போது, எதைச் செய்தார்கள் என்று எழுதிவைக்கும் கிளவுட்டிரெயில் 2013இலும், ஒவ்வொரு வளத்தின் மாற்ற வரலாற்றையும் காக்கும் கான்ஃபிக் சேவை 2014இலும் வந்தன. சேதியை மட்டும் நம்பினால் ஒன்று தவறினாலும் பட்டியல் கோணிவிடும். கேட்பதை மட்டும் நம்பினால் இடைவெளி விழும். இரண்டையும் சேர்த்து நடத்துவோரே ஓரளவு நிம்மதியாக இருக்கிறார்கள், செலவும் இரட்டிப்பாகிறது.

நான்காவது சிக்கல் நுட்பமானது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய பிரொமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள், மேக ஏபிஐயைக் கேட்டுத் தான் கண்காணிக்க வேண்டிய கணினிகளைத் தானே சேர்த்துக்கொள்கிறது. ஈசி2வை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது அதன் வழக்கமான அமைப்பு. புதிய கணினி பிறந்தால் கை படாமல் கண்காணிப்புக்குள் வந்துவிடும். அதே வேகத்தில், அழிந்த கணினி பட்டியலிலிருந்து விழுந்தும்விடும். ஓடவேண்டிய ஒன்று பதில் சொல்லாவிட்டால் எச்சரிக்கை ஒலிக்கும். ஆனால் அது இருந்த சுவடே பட்டியலில் இல்லாதபோது எதை வைத்து ஒலிப்பது? தவறுதலாக அழிக்கப்பட்ட கணினிக்கும் முறையாக ஓய்வு பெற்ற கணினிக்கும் இந்தக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இந்தக் கடற்கரைக்கு இது ஏட்டுச் சிக்கல் அல்ல. 2020 நவம்பர் 25 இரவில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து, விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு அலுவலக சர்வரை இயக்கினால், தானாக எழும்படி அமைக்கப்பட்ட மெய்நிகர் கணினிகள் எழும், மற்றவை உறங்கும். அந்த நேரத்தில் வலையைத் தட்டினால் எழுந்தவற்றின் பட்டியல் வரும். எழாதது எது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. அதைச் சொல்வது புயலுக்கு முந்தைய நாள் எடுத்து, வேறோர் இடத்தில் வைத்திருந்த பட்டியல்தான். இன்றைய நிலையைக் காட்டும் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், நேற்றைய பட்டியலைத் தேதியோடு சேமிக்காவிட்டால் பாதி வேலைதான் செய்கிறது.

எழுதிவைத்துப் பின் பிறப்பித்தல்

ஐந்தாவது தரப்பு கேள்வியையே மறுக்கிறது. ஏன் தேட வேண்டும்? எது இருக்க வேண்டும் என்று முதலில் எழுது. எழுதியதிலிருந்து மட்டுமே கணினிகள் பிறக்கட்டும். 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்கஸ் எழுதிய சிஎஃப்இஞ்சின் இதற்கு முன்னோடி. ஏடபிள்யூஎஸ்ஸின் கிளவுட்ஃபார்மேஷன் 2011இலும், ஹாஷிகார்ப்பின் டெராஃபார்ம் 2014இலும் வந்தன. கணினிகளின் அமைப்பு ஒரு கோப்பில் எழுதப்படுகிறது. யார் எந்த வரியை ஏன் மாற்றினார் என்ற வரலாறும் கூடவே தங்குகிறது. பதிவேட்டின் நோக்கமும் மேகத்தின் நிகழ்நிலையும் ஒன்று சேரும் இடம் என்ற அளவில் இது ஒரு பெரிய முன்னேற்றம்.

எழுதியதற்கும் இருப்பதற்கும் ஏற்படும் வேறுபாட்டை 'டிரிஃப்ட்' என்கிறார்கள். விலகல் என்று சொல்லலாம். களத்துமேட்டில் குவித்த நெல்லின் மேல் சாணிப்பால் ஊற்றிக் குறி போட்டுவிட்டுப் போவது பழைய வழக்கம். யாராவது ஒரு மரக்கால் அள்ளினாலும் குறி கலைந்துவிடும். எவ்வளவு போனது என்று தெரியாவிட்டாலும் கை பட்டது தெரிந்துவிடும். டெராஃபார்ம் தன் நிலைக்கோப்பையும் மேகத்தையும் ஒப்பிட்டுச் செய்வது இதைப் போன்ற வேலைதான்.

குறி போட்ட குவியலுக்கு மட்டுமே இந்தக் காவல். ஒருவர் அவசரத்துக்கு மேகத்தின் இணையதளக் கன்சோலில் நுழைந்து நேரடியாக ஒரு கணினியைத் தொடங்கினால், அது கோப்பில் இல்லாததால் விலகலாகக்கூடத் தெரியாது. எல்லாம் கோப்பு வழியாகத்தான் நடக்கிறது என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதைச் சரிபார்க்க நான்காவது வழிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த இரண்டையும் போட்டித் தரப்புகளாகப் பார்ப்பது சரியல்ல என்று தோன்றுகிறது. எழுதிய பட்டியலில் உள்ளது மேகத்தில் இல்லை, மேகத்தில் உள்ளது எழுதிய பட்டியலில் இல்லை என்ற இரண்டு கழித்தல்களே பயனுள்ளவை. முழுப் பட்டியலை யாரும் வாசிப்பதில்லை. வேறுபாட்டுப் பட்டியல் காலையில் மேசைக்கு வந்தால் வாசிப்பார்கள்.

தேடும் கருவியே வாசலாகும் ஆபத்து

கண்டறியும் கருவிக்கு எல்லா அறைக்கும் சாவி தேவைப்படுகிறது. பார்க்க மட்டும்தானே அனுமதி என்று பலர் இதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏடபிள்யூஎஸ் தரும் 'ரீட்ஒன்லி அக்சஸ்' என்ற ஆயத்த அனுமதி, கோப்புக் கிடங்கில் உள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தையும் வாசிக்க விடுகிறது. பெயரும் அளவும் தெரிந்தால் போதும் என்ற வேலைக்கு அதைவிடக் குறுகிய 'வியூஒன்லி' அனுமதி இருக்கிறது. கணினி எழும்போது ஓட வேண்டிய கட்டளைகளில் கடவுச்சொல்லை எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. அவற்றை வாசிக்க முடிகிற கருவி கடவுச்சொல்லையும் வாசிக்கும். பழைய எஸ்என்எம்பி கருவிகளில் 'பப்ளிக்' என்ற சொல்லே கடவுச்சொல்லாக விடப்பட்டிருந்த காலத்தின் தொடர்ச்சி இது.

வெளியார் நடத்தும் கண்டறிதல் சேவைக்கு நம் கணக்கைத் திறந்துவிடும்போது இன்னொரு பழைய சிக்கல் வருகிறது. பலருக்காக வேலை செய்யும் இடையாளை ஏமாற்றி, ஒருவரின் அதிகாரத்தை மற்றவர் பயன்படுத்திக்கொள்வது. நார்ம் ஹார்டி 1988இலேயே இதை விளக்கி எழுதினார். அதைத் தடுக்கத்தான் ஏடபிள்யூஎஸ் 'எக்ஸ்டெர்னல் ஐடி' என்ற கூடுதல் அடையாளத்தை வைத்திருக்கிறது. அமைப்பு வழிகாட்டியில் ஒரு சிறு பெட்டியாகத் தெரியும் அதை நிரப்பாமல் கடப்பது, பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பாமல் வருவது போன்றது. 2019இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் வெளியேறிய நிகழ்வில், ஒரு மெய்நிகர் கணினிக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதிச்சீட்டு வெளியார் கைக்குப் போனதே வழி. கண்டறிதலுக்காகத் தரும் சீட்டும் அதே வகைச் சீட்டுதான்.

சட்டமும் சந்தையும் கேட்பவை

இந்தியாவின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணை இந்தக் கேள்வியின் எடையை மாற்றியது. தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; கணினிப் பதிவுக் குறிப்புகளை 180 நாள் காக்க வேண்டும். மெய்நிகர் சர்வர்களையும் மேகச் சேவைகளையும் விற்போர், வாடிக்கையாளர் விவரத்தையும் ஒதுக்கிய முகவரிகளையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். எந்தக் கணினிகள் நம்முடையவை என்று தெரியாத ஒருவரால் எந்தக் கணினியின் குறிப்பைக் காக்க முடியும்? ஆணை கண்டறிதலைப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டாலும், அதில்லாமல் இந்தக் கடமைகளை நிறைவேற்றுவது கடினம்.

பட்டியல் இல்லாமையின் விலைக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று 2017இல் அமெரிக்க ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் நடந்தது. ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நுழையப் பயன்படுத்திய பாதுகாப்புக் குறை முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது, திருத்தமும் வந்திருந்தது. அந்த நிறுவனத்திடம் முழுமையான சொத்துப் பட்டியல் இல்லை என்பதை 2019இல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை சுட்டியது. பட்டியல் இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. எங்கே தேட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

சந்தையில் இந்த வழிகள் ஒன்றோடொன்று கலந்துவருகின்றன. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம், 2024இல் டிவைஸ்42 என்ற கண்டறிதல் நிறுவனத்தை வாங்கியது. புகார்ச் சீட்டு எழுதும் மென்பொருளுக்கும் கணினிகளைத் தேடும் மென்பொருளுக்கும் இடையில் இருந்த சுவர் விழுவதன் அடையாளமாக இதைக் கொள்ளலாம். சிறு நிறுவனங்களுக்கு இது நன்மையா என்பது விலையைப் பொறுத்தது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு, மேக நிறுவனங்களே தரும் தேடல் வசதியும் நன்றாக எழுதிய ஐம்பது வரி நிரலும் தேதியிட்டுச் சேமித்த பட்டியலும் பெரும்பாலும் போதும்.

தீராமல் நிற்பவை

மேக நிறுவனத்தின் ஏபிஐயைக் கேட்பது முதல் படி, எழுதிய பட்டியலோடு கழித்துப் பார்ப்பது இரண்டாவது, அலுவலக வலையைத் தட்டிப் பார்ப்பது மூன்றாவது என்ற வரிசையில் இன்று துறையில் ஓரளவு ஒப்புதல் இருப்பதாகத் தெரிகிறது. ஒப்புதல் இல்லாத இடங்கள் வேறு.

ஒன்று, அறியாத கணக்கு. ஓர் ஊழியர் தன் சொந்தக் கடன் அட்டையில் தொடங்கிய மேகக் கணக்கை எந்த ஏபிஐயும் நமக்குக் காட்டாது. அதைக் கண்டுபிடிப்பது இன்றும் செலவுச் சீட்டுகளைப் பார்க்கும் கணக்காளர்தான். இன்னொன்று, எதை ஒன்று என்று எண்ணுவது. அதிகபட்சம் 15 நிமிடம் ஓடும் ஏடபிள்யூஎஸ்ஸின் லாம்டா சார்பும், நொடிகளில் பிறந்து மறையும் கன்டெய்னரும் சொத்தா, நிகழ்ச்சியா? உப்பளத்தில் பாத்தியை எண்ணலாம், அதில் படியும் உப்பை எடைதான் போட முடியும். எண்ணுவதற்கும் எடை போடுவதற்கும் இடையில் கோடு எங்கே என்பதில் கருவிகள் ஒத்துப்போவதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது உரிமையாளர். ஒட்டுச்சீட்டில் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். சீட்டே இல்லாத கணினிகளைத் தானாக அழித்துவிடலாம் என்பது ஒரு தரப்பு. நெட்ஃப்ளிக்ஸ் 2013இல் பொதுவில் வெளியிட்ட ஜானிட்டர் மங்கி அந்த வழியில் ஓர் எச்சரிக்கையான முயற்சி. பயனற்றதாகத் தெரிவதைக் குறித்துவைத்து, உரிமையாளருக்குச் சேதி அனுப்பி, சில நாள் காத்திருந்து, பிறகே அழித்தது. உரிமையாளர் யார் என்று தெரிந்திருந்தால் அந்தச் சேதி போய்ச் சேரும். தெரியாதபோது எத்தனை நாள் காத்திருப்பது, காத்திருந்த பின் அழிக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பதற்கு இதுவரை எழுதப்பட்ட கருவிகள் ஆளுக்கொரு எண்ணை வைத்திருக்கின்றன. காரணம் எதுவும் சொல்லவில்லை.